மூத்தவளின் தூக்கம்

பேருந்து ஓட்டுநரின் மனைவி தன் மூத்த மகளுக்காகத் தூங்கத் தொடங்கியது, மகள் மருத்துவ நுழைவுத் தேர்வில் இரண்டாவது முறையும் தோற்ற வருடத்தில். மூத்தவள் இரவு முழுக்கக் கைபேசியில் பயிற்சிக் கேள்விகள் போடுவாள். விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, எட்டு மணி நேரம் தூங்கியவள் போலத் தெளிவாக வகுப்புக்குக் கிளம்புவாள். அந்த எட்டு மணி நேரத்தையும் தூங்கியவள் அவளுடைய அம்மா.

அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். விடுதிகளின் துணிகள் காலைக்குள் தயாராக வேண்டும் என்பதால் அங்கே இரவில்தான் வேலை. திடீரென்று படுக்கை விரிப்புகளில் இஸ்திரிப்பெட்டியின் அச்சு கருகி விழ ஆரம்பித்தது. முதலாளி முதலில் பெட்டியைச் சந்தேகப்பட்டார், பிறகு மின்சாரத்தை. காரணம் தெரிந்தது ஒரு விடுமுறை நாளில். பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அறைக்குள் மூத்தவள் ஒரு இயற்பியல் கேள்வியைத் திறந்ததும் பாதி வாக்கியத்தில் அம்மாவின் தலை தொங்கிவிட்டது. மூத்தவள் விடையை அழுத்தியதும் விழித்து, மீதி வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள்.

"உங்க வீட்டுல படிக்கிறது ஒருத்தி, களைச்சுப் போறது இன்னொருத்தியா?" என்று தையல்காரி சிரித்தாள். பிறகு கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, சீக்கிரமே எழுந்து போனாள்.

இதன் இயக்கம் எளிமையானதுதான். உயிரியல் கேள்வி ஒரு கொட்டாவியோடு போய்விடும். வேதியியலுக்குக் கண் சொக்கும். சுழலும் சக்கரத்தைப் பற்றிய கணக்கு வந்தால் நின்ற இடத்திலேயே ஆள் காலி. விடை தப்பானால், மூத்தவள் விளக்கத்தை வாசித்து முடிக்கும்வரை தூக்கம் நீளும். அது யாரிடம் போகும் என்பதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. அவள் டாக்டராக வேண்டும் என்று யாருக்கு ஆசை மிக அதிகமோ அவரிடம் போகும், தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போவது போல. அந்த வீட்டில் ஆழமான பள்ளம் அம்மா.

"நல்லதாப் போச்சு. நான் நிம்மதியாத் தூங்கி எத்தனை வருஷமாச்சு. நீ படி, தூக்கத்த நான் பாத்துக்கிறேன்" என்றாள் அம்மா. வேலையை விட்டாள். சில மாதங்களில் பகலும் இரவும் தூங்கினாள். சாப்பிட மட்டும் எழுந்து, மகளின் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு மறுபடி படுத்தாள்.

ஆனால் எவ்வளவு தூங்கினாலும் ஒரு நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம்தானே. தேர்வு நெருங்கி, முழு மாதிரித் தேர்வுகளை மூத்தவள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டபோது அந்தப் பள்ளம் நிறைந்து வழிந்தது. வழிந்தது அடுத்த பள்ளத்துக்குப் போயிற்று. விடியலுக்கு முன் கிளம்பும் முதல் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணை மூடினார். "அண்ணே!" என்று நடத்துநர் போட்ட சத்தத்தில் வண்டி கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது.

"நான் படிப்ப விட்டுடறேன்ப்பா" என்றாள் மூத்தவள்.

"உங்கம்மா இவ்வளவு நாள் தூங்கினது வீணாப் போகணுமா? வண்டிய விட்டா சோத்துக்கு வழியில்ல. நீ படி. நான் ஆசப்படாம இருந்துக்கிறேன்."

மறுநாளே ஆரம்பித்தார். "பொண்ணு டாக்டர் ஆயிடுவாளாண்ணே?" என்று நடத்துநர் கேட்டதற்கு, "ஆனா என்ன, ஆகாட்டி என்ன?" என்றார். சொல்லி முடிக்கும்போதே கொட்டாவி வந்தது. வாய்ப்பேச்சில் ஏமாறுகிற தூக்கம் இல்லை அது. பணிமனையில் ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் பரிசோதனை நடத்தினார். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூத்தவள் ஒரு கணக்கைத் திறப்பாள். டம்ளர் கீழே விழும். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இளைய மகள் தரையைத் துடைப்பாள்.

ஆசை ஒரே கட்டியாக இருப்பதில்லை. இயந்திரம் போல அதற்கும் பல பாகங்கள் உண்டு. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கும் காட்சி முதலில் போனது. டாக்டரோட அப்பா என்று தெருவில் நாலு பேர் சொல்வது, வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை, எல்லாம் போயின. ஒன்று மட்டும் கழலாமல் இருந்தது: தனக்கு வயதாகிப் படுத்திருக்கும்போது அவள் வந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது. அது கழல மேலும் இரண்டு நாள் ஆயிற்று. அதன்பின் டம்ளர் விழவில்லை. கையும் ஆடவில்லை, முகமும் அசையவில்லை. இளையவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அம்மாவிடம் கொள்ளாத தூக்கத்தைத் தானே தூங்கிக்கொண்டு மூத்தவள் தேர்ச்சி பெற்றாள். கைபேசியைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள்.

"அப்படியா, நல்லது" என்றார், பக்கத்து ஊர்ச் செய்தியைக் கேட்டவர் போல. "குழாய்ல தண்ணி வந்துச்சா?"

அவள் அம்மாவின் காதில் போய்ச் சொன்னாள். அம்மா மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். தேர்வு முடிந்தால் தூக்கம் திரும்பிவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கல்லூரியில் அதைவிடத் தடித்த புத்தகங்கள் இருந்தன, அதன்பின் மருத்துவமனையில் இரவுப் பணி வந்தது. வருடங்கள் போயின. அம்மாவின் தலை நரைத்தது. பணி முடிந்து வரும் மூத்தவள் தினமும் அவளுடைய நாடியைப் பார்ப்பாள். அது எப்போதும் சீராகவே இருந்தது. அப்பா கையை நீட்டியதே இல்லை.

பிறகு ஒரு நாள் இளையவள் தானும் தேர்வு எழுதப்போவதாகச் சொன்னாள்.

"வேண்டாம்டி" என்றாள் மூத்தவள்.

"ஏன்க்கா? அம்மாகிட்ட இனிமே இடமில்ல. அப்பாவுக்குத்தான் ஆசையே கிடையாதே." சொல்லிவிட்டு முதல் கேள்வியைத் திறந்தாள்.

சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து டம்ளர் விழுந்து உருண்டது. இளையவள் பதறி விடையை அழுத்தினாள். அவர் கண்ணைத் திறந்தார். மூத்தவள் தேர்ச்சி பெற்ற நாளில் வராத ஏதோ ஒன்று அந்த முகத்தில் வந்திருந்தது.

"கை ஈரமா இருந்துச்சு. நீ படிம்மா" என்றார், இளையவளைப் பார்த்து.

மறுநாள் முதல் பேருந்து சரியான நேரத்துக்குக் கிளம்பியது. இளையவளின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போது அந்த வழித்தடத்தில் பயணிகள் முறை வைத்துக்கொண்டு ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். பாலம் வரும்போது எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் சத்தமாகப் பேசுவார்கள். பாலம் தாண்டியதும் அவரவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி வேலைக்குப் போகிறார்கள்.