ஆரத்தித் தட்டில் ஒரு கணக்கு டீச்சர்

“யானம் எங்க கீதுன்னு தெரியும் இல்ல டீச்சர்?”

“பசங்களுக்கு மேப்புல காட்டுறதே நான்தான்.”

“நம்ம பாண்டிச்சேரி கவர்ன்மெண்டுதான்னாலும் அது ஆந்திராவுக்குள்ள கீது. மேப்புல கிட்ட தெரியும். ரயில் ஏறினா ராத்திரி பூரா போவணும். எறங்கினா பேச்செல்லாம் தெலுங்கு.”

“இன்னா அய்யனாரு, மிரட்டுறீங்களா?”

“ஐயோ, மிரட்டுறதுக்கு நான் யாரு? அண்ணன் சொன்னத வந்து சொல்றேன், அவ்ளோதான்.”

அண்ணன் என்றால் வேட்பாளர். அய்யனார் இந்த ஊரில் அவருக்கு வலது கை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். உட்கார வேண்டிய தலைமையாசிரியை ஜெசிந்தா மேரிதான் உட்காரவில்லை. ஜன்னல் வரைக்கும் போவார், மேசைக்குத் திரும்புவார், பூட்டின பீரோவை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். காலையில் வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பியபோதே உடம்பு ஓரிடத்தில் நிற்க மறுத்தது.

வெளியே வாக்குச்சாவடிக்காக வாசற்படிகளின் மேல் சரிவுப் பாதை பூசிக்கொண்டிருந்தார்கள். கரணை சிமெண்டில் உரசும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. எட்டாம் வகுப்பு சகாயராணியின் சக்கர நாற்காலிக்காக அதே சரிவைக் கேட்டு அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. சகாயராணிக்கு இன்னும் ஓட்டு வரவில்லை. அதனால் சரிவும் வரவில்லை. இப்போது தேர்தல் வந்ததும் கிடுகிடுவென்று வந்துவிட்டது.

“எல்லாம் அந்தக் கஸ்தூரியால வந்தது” என்றார் அய்யனார்.

கஸ்தூரியைச் சொல்லி என்ன செய்வது? விதையைப் போட்டது ஜெசிந்தா மேரியேதான். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் மனசில் கிடந்ததைக் கொட்டிவிட்டார். “பாடத்திட்டத்த மாத்தினாங்க. நல்லதாவே இருக்கட்டும், நான் வேணாம்னு சொல்லல. புது புஸ்தகம் வந்துச்சு. அதச் சொல்லிக்குடுக்க ஆள் வந்தாங்களா? கணக்கு டீச்சர் ரிட்டையர் ஆன எடம் காலியாவே கெடக்குது. பத்தாவதுக்கு நானேதான் ஓடிப்போய் கணக்கு எடுக்குறேன். ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட மிக்ஸி கேக்காதீங்க. கணக்கு டீச்சர் கேளுங்க.”

கை தட்டினார்கள். டீ குடித்தார்கள். அவரும் மறந்துபோனார்.

மறக்காதவள், கூட்டத்துக்கு வந்திருந்த அம்மாக்களில் ஒருத்தியான கஸ்தூரி. வேட்பாளர் தெருவுக்கு வந்தால் பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். தட்டில் ஒரு நோட்டு விழும், முந்தானைக்குப் போகும், அதுதான் வழக்கம். கஸ்தூரி அந்த நோட்டை எடுத்து வேட்பாளர் கையிலேயே திருப்பி வைத்தாள். “இது வேணாங்ணா. கணக்கு டீச்சர் குடுங்க. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கேக்கச் சொன்னாங்க.”

அடுத்த வாசலிலும் அதே பேச்சு. தெருக்கோடி வரைக்கும் தட்டுத் தட்டாக அதே பேச்சு. ஒவ்வொருத்தியும் மறக்காமல் ஹெட்மிஸ்ட்ரஸ் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். பெரிய மனுஷியின் பெயரைச் சொன்னால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்று நம்பினார்கள். அவர் அரசாங்கச் சம்பளக்காரி, தேர்தல் நேரத்தில் வாயைத் திறக்கக்கூடாதவர் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் விட, சாயங்காலத்துக்குள் கிருமாம்பாக்கம் டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

“ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்குறேன் டீச்சர். நான் அப்பிடிச் சொல்லவே இல்ல, வேணும்னே திரிச்சிட்டாங்கன்னு சொல்லிடுங்க. பிரச்சினை முடிஞ்சுது.”

“தேர்தல் முடியிற வரைக்கும் டிரான்ஸ்ஃபர் போட முடியாது, தெரியுமா?”

“ரிசல்ட் வர்ற வரைக்கும்தானே?” அய்யனார் சிரித்தார்.

ஜெசிந்தா மேரி ஜன்னலில் போய் நின்றார். யானத்தில் ஆறு கடலாக அகலும் இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். அங்கே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். எக்ஸ் அங்கேயும் எக்ஸ்தான். ஆனால் ‘இதுல இன்னாடா சந்தேகம்?’ என்று எந்தப் பாஷையில் கேட்பது? இங்கே கணவர் இக்னேஷியஸ் தனியாகச் சோறு வடித்துச் சாப்பிடுவார்.

எதிர்க் கட்டடத்தில் பத்தாம் வகுப்பு தெரிந்தது. காலையில் பாதியில் விட்டுவந்த கணக்கு கரும்பலகையில் அப்படியே நின்றது. சமக்குறிக்கு வலப்பக்கம் வெறுமை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்துபோய் அந்த வெறுமையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சரி, எடுங்க” என்றார்.

அய்யனாருக்கு முகமெல்லாம் பல். போனைத் தூக்கிப் பிடித்தார். ஜெசிந்தா மேரி முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

“நான் இந்தப் பள்ளியோட தலைமையாசிரியை. கணக்கு டீச்சர் கேளுங்கன்னு நான் சொன்னதா எல்லாரும் பேசிக்கிறாங்க.” போனை நேராகப் பார்த்தார். “ஆமாம், நான்தான் சொன்னேன். எந்தக் கட்சிக்காகவும் சொல்லல. ஓட்டு கேட்டு யார் வந்தாலும் கேளுங்க.”

போன் மெல்லக் கீழே இறங்கியது.

“கெடுத்துட்டீங்களே டீச்சர்! இத நான் எப்பிடி அண்ணன்கிட்ட காட்டுறது?”

“அப்பிடியே காட்டுங்க.”

“காட்டினா யானம்தான். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“உங்கள நான் ஒண்ணும் பண்ணச் சொல்லலையே.”

அய்யனார் விருட்டென்று எழுந்து வெளியே போனார். ஈரச் சிமெண்டில் கால் வைத்துவிட்டார் போல, “யோவ், கண்ணு தெரியல?” என்று கொத்தனார் கத்தினார். ஜெசிந்தா மேரி மறுபடி எழுந்து பீரோவை இழுத்துப் பார்த்தார்.

திரும்பினால் கதவருகில் அய்யனார் நின்றுகொண்டிருந்தார். ஒற்றைச் செருப்பு முழுக்க சிமெண்டு. மிடுக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

“டீச்சர், எங்க சுவேதா இப்பதான் பத்தாவது வந்துருக்கா.”

“தெரியும். முன்னாடி வரிசை.”

“நீங்க எடுத்தாதான் அவளுக்குக் கணக்கு மண்டைல ஏறுதாம். தெனமும் வூட்டுல அதே பேச்சு.” கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் இத அனுப்பாம இருக்க முடியாது, என் பொழப்பு அப்பிடி. நீங்க யானம் போயிட்டாலும்… சாயங்காலத்துல போன் போட்டு, அவளுக்குக் கணக்கு மட்டும் சொல்லிக்குடுப்பீங்களா டீச்சர்?”