நொண்டி வந்த அம்மா

சேற்றுக்குள் கைவிட்டுச் சிப்பி தேடிக்கொண்டிருந்த பசிலியாவின் இடது காலில் மீன்முள் ஏறியது. உயிர் போகிற வலி. கடலும் ஏறத் தொடங்கிவிட்டது. கண்டல் மரங்களின் வேருக்கு வேர் பிடித்து, காலை இழுத்து இழுத்து, மகள் யுர்லெய் இருந்த இடத்துக்கு வந்தாள். எட்டு வயதுப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தது. கூடையைப் போட்டுவிட்டுக் கண்டல் காட்டுக்குள் ஓடிவிட்டது.

அப்போதுதான் பசிலியாவுக்கு உறைத்தது. மகள் தன்னைத் ‘துண்டா’ப் பிசாசு என்று நினைத்துவிட்டாள். பெற்றவளின் முகத்தோடு வந்து பிள்ளையைக் காட்டுக்குள் கூட்டிப்போகிற அந்தப் பிசாசுக்கு எல்லாம் மாற்ற வரும், ஒரு காலை மட்டும் மாற்ற வராது. மத்து மாதிரி மரக்காலை இழுத்துத்தான் நடக்கும். இதைச் சொல்லிச் சொல்லி மகளை மிரட்டி வளர்த்ததும் பசிலியாதான். இப்போது யாரை நோவது?

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பக்கத்தில் தோணியோடு காத்திருந்த ஒதிலியா யுர்லெய்க்கு ஞானத்தாய். "ஊருக்குப் போய், துண்டாவ வெரட்ட மேளத்தோட ஆளுகளக் கூட்டியாரட்டா?" என்றாள்.

"அதுக்குள்ள தண்ணி தலைக்கு மேல போயிரும்டி. நீயே கூப்பிடு. துண்டா புடிச்ச பிள்ள ஞானத்தாய் கொரலுக்குத்தான வரும்."

ஒதிலியா கூப்பிட்டாள். வேர்களுக்குள்ளிருந்து சின்னக் குரல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. "ரெண்டு துண்டா வந்திருக்கு."

பசிலியா குரலைக் குழைத்தாள். "தங்கம், கண்ணு, அம்மாகிட்ட வாடா. எறா வறுத்துத் தாரேன்."

"எறாவா? துண்டா ஆசகாட்டுறதே அதவச்சுத்தானடி, பாவி" என்றாள் ஒதிலியா. உள்ளே சளக் சளக்கென்று கால்கள் இன்னும் தள்ளிப் போயின.

இடுப்பளவு தண்ணீர். பிள்ளைக்கு அது கழுத்து. பயத்தில் பசிலியாவுக்கு வாய் கட்டவிழ்ந்துவிட்டது.

"ஏய், எருமை! படுக்கைய நனைச்சுட்டுத் தம்பிமேல பழி போட்டவதான நீ? வெளிய வா, முதுகுத் தோல உரிக்கிறேன்."

உள்ளே சளக் சளக் நின்றது. பிறகு வேர்களுக்கு நடுவே சேறு அப்பிய முகம் எட்டிப் பார்த்தது.

"அதச் சொல்லாதம்மா. ஞானத்தாய் கேக்கறாங்க."

பசிலியா பாய்ந்து அவளை வாரித் தோளில் போட்டாள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தோணிப் பக்கம் திரும்பினாள். அம்மா பேசாமல் நொண்டி நடக்க நடக்க, தோளில் கிடந்த உடம்பு மறுபடி விறைத்தது.

"திட்டும்மா" என்று யுர்லெய் அழுதாள். "நிறுத்தாத, திட்டு."