முதுகைத் தேடிப் போகும் மாத்திரை

பதினோரு வருடமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன். தெருவே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை விழுங்குகிறது. என் கணவர் மட்டும் அவருடைய அண்ணனிடம் கேட்பார். அண்ணன் மெத்தை விற்பவர், ஆகவே முதுகைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது.

கட்டடங்களில் புகை அலாரம் பொருத்துவது என் கணவரின் வேலை. மூன்று நாளைக்கு முன் ஏணியைத் தூக்கக் குனிந்தவர், குனிந்தபடியே வீடு வந்து சேர்ந்தார். டாக்டரிடம் போகலாம் என்றேன். அதற்குள் அண்ணன் இரண்டு அட்டைகளோடு வந்துவிட்டார். ஒன்று வலிக்கு, ஒன்று தசைப்பிடிப்புக்கு. இவரும் விழுங்கிவிட்டு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார்.

"வலி இந்தப் பக்கம்தானே? மருந்து நேரா அங்க இறங்கட்டும்," என்றார் இவர்.

"மாத்திரைக்கு உங்க முதுகு எங்க இருக்குன்னு தெரியாதுங்க. ரத்தத்தோட உடம்பு பூரா சுத்தும். வலி மாத்திரை, அடிபட்ட இடத்துல வலியைக் கிளப்புற சரக்கை ஊறவிடாம தடுக்கும். மத்தது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போயி, 'இறுக்கிப் பிடி'ங்கிற உத்தரவை மந்தமாக்கும். கூடவே உங்களையும்."

"முதுகு வலிக்கு மூளைக்கா மருந்து?" அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆமா. இவர்கிட்ட அதைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகும். அதுவரைக்கும் படுத்திருக்கட்டும்."

இன்று காலை துள்ளி எழுந்துவிட்டார். வலி போயே போச்சாம். இருபதடி ஏணி வேலை காத்திருக்கிறதாம். நான் விடவில்லை.

"சத்தம் தாங்கலைன்னு குடித்தனக்காரங்க அலாரத்துல பேட்டரியைக் கழட்டினா என்ன திட்டுத் திட்டுவீங்க? அதையேதான் இப்ப நீங்க பண்ணியிருக்கீங்க. உள்ள என்ன ஆச்சோன்னு தசை இறுகிக் காவல் நின்னுது. அதையும் தூங்க வெச்சாச்சு."

"அவ கிடக்கா, பயமுறுத்துறதே பொழப்பு. நீ நடந்து காட்டுடா," என்றார் அண்ணன்.

நடந்து காட்டினார். செருப்பைப் போட்டு, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மிடுக்கோடு வாசல் வரை போனார். அண்ணன் கைதட்டினார்.

இடது செருப்பு நடு அறையிலேயே கிடந்தது. அது கழன்றதே இவருக்குத் தெரியவில்லை. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் நின்று, சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

எனக்கு நக்கல் வறண்டுவிட்டது. எந்த வலி மாத்திரையும் ஒரு காலை மட்டும் மரத்துப்போக வைக்காது. உள்ளே நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது. ஓடிப் போய்க் குனிந்து, இடது கால் கட்டைவிரலில் நகம் பதியக் கிள்ளினேன். ரத்தம் கசிந்தது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கீழ உக்காந்து என்ன பண்ற? சாவி அங்கயா கிடக்கு?"