தாதாவின் முதுகு

உலகத்தில் எந்த தாதாவும் முதல் காட்சியில் நேராக உட்காருவதில்லை. எங்கள் பேராசிரியர் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த உண்மை இது. பேராசிரியர் என்றால் நிஜப் பேராசிரியர் இல்லை, என்னோடு படிக்கிற பையன்தான். வாயைத் திறந்தால் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். கல்லூரியில் மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஐந்து நிமிடப் படம் எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். எங்கள் குழுவில் அவன் இயக்குநர், நான் கேமரா, குச்சி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒல்லிப் பையன் ஒலிப்பதிவு. தாதா படம் எடுப்பது என்று முதல் நாளே முடிவானது. அதோடு சரி, கதை என்று ஒரு வரி நகரவில்லை.

"முதல்ல ஓப்பனிங் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும்" என்றான். கிடைத்த தாதா படங்களையெல்லாம் கொண்டுவந்து, ஆரம்பக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். அவன் அறைச் சுவர் முழுக்க அட்டவணை. முதலில் தெரிவது கையா, மோதிரமா, புகையா. எதிரில் கெஞ்சுகிறவன் நிற்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா. முதுகு எவ்வளவு நேரம், முகம் எப்போது. முகம் தெரிகிற இடம் வந்ததும் டக்கென்று நிறுத்திவிடுவான். "அவ்வளவுதான், முகம் தெரிஞ்சா ஓப்பனிங் முடிஞ்சுது" என்று அடுத்த படத்துக்குத் தாவுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் ஒரு ஆள் இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், காது கேட்கிறதா இல்லையா என்று அம்மா இரண்டாவது வார்த்தையிலேயே கேட்டுவிடுவாள்.

கடைசியில் ஒரு வழியாகத் திரைக்கதை வந்தது. தாதா முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒருவன் வந்து கெஞ்சுகிறான். தாதா விரலை அசைக்கிறார். முற்றும்.

"முகம் எங்க?" என்று கேட்டேன்.

"அது ஓப்பனிங்ல வராது."

"நம்ம படத்துல ஓப்பனிங்க விட்டா வேற என்ன இருக்கு?"

பாவம், இவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கே அவனை இரண்டு சாத்தியிருக்கலாம்.

கல்லூரியில் கேமராவை ஒரு நாளைக்குத்தான் தருவார்கள். எங்கள் முறை சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை, தாதாவாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த பேராசிரியரின் மாமா, வெளியூரில் வேலை வந்துவிட்டது என்று கழன்றுகொண்டார். பேராசிரியர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் நின்றபடியே புலம்ப ஆரம்பித்தான். பாதிப் புலம்பலில் நிறுத்தி, ஜன்னல் பக்கமே பார்த்தான். அங்கே அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த முதுகுதான்" என்றான் என்னிடம் கிசுகிசுப்பாக.

அப்பா ஏன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று அவனுக்குத் தெரியாது. போன வருடக் கடைசியில் ஒரு காலை அவருக்கு இடது பக்க வாய் கோணிக்கொண்டது. நரம்புதான், சரியாகிவிடும் என்றார் டாக்டர். பெரும்பாலும் சரியாகியும் விட்டது. ஆனால் சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும், இடது கண் முழுசாக மூடாது. அப்பா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். வருகிறவர்களின் எதிரில் உட்கார்ந்து, ஃபிரேமை மாட்டிவிட்டு, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு என்று சொல்வதுதான் வேலை. கடை முழுக்க நிலைக்கண்ணாடி. வாய் கோணிய பிறகு அவரே கேட்டு, பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற இடத்துக்குப் போய்விட்டார். முதலாளி நல்ல மனிதர்தான், இத்தனை மாதம் பொறுத்தார். அடுத்த மாதம் முன்கடைக்கு வரவில்லை என்றால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று இப்போது சொல்லிவிட்டார். போட்டுக்கட்டும் என்கிறார் அப்பா. வீட்டிலும் சுவரைப் பார்த்தோ, இடது பக்கம் சுவரோரம் இருக்கிற மாதிரியோதான் உட்காருவார். அம்மாவிடம் பேசும்போதுகூடத் திரும்ப மாட்டார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், இப்போது பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பேராசிரியர் விஷயத்தைச் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூஞ்சி தெரியாதுல்ல?"

"சத்தியமா தெரியாது அங்கிள். அதான் ஸ்டைலே."

"சரி" என்றார். அவர் எதற்காவது சரி சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கூடத்தையே தாதாவின் அறையாக்கினோம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, மேசை மேல் ஒரு விளக்கு. அப்பாவுக்கு அவருடைய கல்யாணக் கோட்டு, பித்தானைப் போட முடியாததால் திறந்தே விட்டோம். முதுகுதானே தெரியப்போகிறது. குச்சிதான் கெஞ்சுகிறவன். மைக்கை மேசைக்கடியில் ஒட்டிவிட்டு அப்பாவுக்கு எதிரில் நின்றான். நான் அப்பாவுக்குப் பின்னால் கேமராவோடு.

எடுத்தோம், எடுத்தோம், எடுத்துக்கொண்டே இருந்தோம். நடுவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேராசிரியர், "விரல் சீக்கிரம் அசைஞ்சுடுச்சு அங்கிள். எல்லாப் படத்துலயும் இன்னும் ரெண்டு செகண்ட் கழிச்சுதான்" என்பான். எனக்குத் தோள்பட்டை இற்றுவிட்டது. ஒரு தடவை குச்சி வசனத்தை நடுவிலேயே மறந்து, "ஐயா, நிஜமாவே நான் எதுவும் பண்ணல" என்று உளறிவிட்டு ஒரு அடி பின்னால் போனான்.

"கட். என்னடா ஆச்சு உனக்கு?" என்றான் பேராசிரியர்.

"நீ இங்க வந்து நின்னு பாரு. அவரு பாக்கற பார்வைல எனக்கு வசனமெல்லாம் மறந்துபோயிடுது."

அடுத்த டேக்கில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது பின்னாலிருந்தே தெரிந்தது. இடையில் ஒருமுறை, "நல்லா பண்றேனா?" என்று குச்சியிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

மதியம் அம்மா டீ கொண்டுவந்தாள். எடுத்தவரைக்கும் பார்க்கலாமா என்றார் அப்பா. லேப்டாப்பில் போட்டோம். அதில் ஒரு நாற்காலி, ஒரு கோட்டு, இரண்டு காது, உச்சியில் முடி கொட்டுகிற இடம். எதிரில் குச்சி பயந்துகொண்டிருந்தான்.

அப்பா கடைசிவரை பார்த்தார். "நான் எங்க?" என்றார்.

"இதோ, இதான் அங்கிள் நீங்க."

"இது யாரா வேணா இருக்கலாமே. காலைலேர்ந்து உசுரக் குடுத்து நடிச்சிட்டிருக்கேன், பின்மண்டைய எடுத்து வச்சிருக்கீங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்கதானேப்பா மூஞ்சி தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க? ரெண்டு மணிநேரத்துல கேமராவத் திருப்பிக் குடுக்கணும். இப்ப வந்து சொன்னா?"

அவர் பேராசிரியரைக் கேட்டார். "தம்பி, நீ பாத்த படத்துல எல்லாம் அந்த ஆளு திரும்புவானா, மாட்டானா?"

"திரும்புவாரு அங்கிள். ஆனா நான் அதோட நிறுத்திடுவேன்."

"ஏன் நிறுத்துன?"

பேராசிரியர், சுவரில் அட்டவணை இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி சுற்றிப் பார்த்தான். அது அவன் அறையில் இருந்தது.

"கேமராவ முன்னாடி போடும்மா" என்றார் அப்பா.

நான் புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்து, "விளக்கை இந்தப் பக்கம் நகர்த்திட்டா வலது பக்கம் மட்டும் தெரியுற மாதிரி எடுத்துடலாம்ப்பா. இடது பக்கம் இருட்டுல போயிடும், யாருக்கும் தெரியாது" என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குச்சியைப் பார்த்தார். "நீ எந்தப் பக்கத்தப் பாத்து பயந்த?"

குச்சி விரலை நீட்டிக் காட்டினான். "இடது பக்கம் அங்கிள். அந்தக் கண்ணு மூடவே இல்ல."

"அப்ப அதத்தான எடுக்கணும்" என்றார் அப்பா.

நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு குச்சிக்குப் பக்கத்தில் போனேன். விளக்கை இடது பக்கம் வைத்தேன். இருட்டுல போயிடும் என்று சொன்னதற்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. முகத்தை ஃபோகஸ் செய்தேன். கோணல் வாய், மூடாத கண், சரியாகச் சவரம் ஆகாத தாடை, எல்லாம் கேமரா ஸ்கிரீனில் வந்து நின்றன. இந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நாங்கள் யாரும் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்க்க மறந்து, ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பதற்காக மேசைப் பக்கம் வந்து நின்றான்.

அடுக்களை வாசலில் டீ டம்ளர்களோடு நின்றிருந்த அம்மாவின் குரல் கேட்டது. சிடுசிடுவென்றுதான் இருந்தது, எப்போதும் போல.

"தம்பி, கொஞ்சம் நகரு. எனக்கு மறைக்குது."