ஆறாவது ஆளை மாற்றவில்லை

லிஃப்டுக்காரர் தன் ஐம்பத்தொன்பது வயதில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. அந்த மட்டையைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் எந்த ஆட்டக்காரருக்கு எதிர்காற்று ஆகாது, யாருக்கு முதுகுவலி, யார் போன மாதம் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எல்லாம் மாப்பிள்ளை பண்ணிவைத்த வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் குடும்பத்துக்குள்ளேயே ஒரு கற்பனை அணி விளையாட்டை ஆரம்பித்து, மாமனாரின் போனிலும் அதை ஏற்றிவிட்டவர் அவர்தான்.

விளையாட்டு ஒன்றும் கம்பசூத்திரமில்லை. எங்கோ நிஜமாக ஆடப்போகிற நூற்றைம்பது பேரிலிருந்து ஆறு பேரைப் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை புள்ளி என்று விலை இருக்கும். நூறு புள்ளிக்குள் ஆறு பேரும் அடங்க வேண்டும். இரண்டு பெரிய ஆட்டக்காரர்களை எடுத்துவிட்டால் மீதி நாலு இடத்துக்கு ஊர்பேர் தெரியாதவர்கள்தான் மிஞ்சுவார்கள். வியாழக்கிழமை முதல் பந்தை அடித்ததும் அணி பூட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் யாராவது போட்டியிலிருந்து விலகினால் அவர் பெயர் சிவப்பாகிவிடும். உடனே ஆளை மாற்றிக்கொள்ளலாம். மாற்றாவிட்டால் அந்த இடத்துக்கு முட்டை.

மாப்பிள்ளை, மகள், லிஃப்டுக்காரர், அவர் பையன் என்று நாலே பேர். இதில் லிஃப்டுக்காரரும் பையனும் ஒரு வார்த்தை பேசி இரண்டு வருஷம் ஆகிறது. என்ன காரணம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அம்மா இறந்துபோன மூன்றாம் மாதம், அவளுடைய தையல் மெஷினை அப்பாவைக் கேட்காமல் கீழ்வீட்டு அம்மாளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் பையன். அதைப் பார்க்கப் பார்க்க அப்பா சாப்பிடாமல் கிடக்கிறார் என்பது அவன் கணக்கு. பார்க்காமல் எப்படி இருப்பது என்பது அவர் கணக்கு. இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே என்றார். அவனும் மிதிக்கவில்லை. பிடிவாதத்தில் அப்பனை அப்படியே உரித்துவைத்திருந்தான். ஒரே ஊர், அரைமணி நேர பஸ். ஒரு தையல் மெஷினுக்காக இரண்டு வருஷம்! இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

ஆனால் அணியை விட்டு இரண்டு பேரும் விலகவில்லை. போனில் நாலு பேருக்குமான குரூப்பில், பொதுவாகப் போடுகிற மாதிரி ஒருத்தரை ஒருத்தர் குத்திக்கொள்வார்கள். "சிலர் காற்றைப் பார்க்காமலே ஆள் எடுக்கிறார்கள்" என்று இவர் போடுவார். "சிலருக்குக் காற்றைத் தவிர ஒன்றும் தெரியாது" என்று அரைமணிக்குள் பதில் வரும். அன்றைக்கு முழுக்க லிஃப்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை சுறுசுறுப்பாக ஓடும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அணி போடுவான் பையன். அந்த ஆறு பெயரையும் அவர் கடுதாசி மாதிரி படிப்பார். மனசு சரியில்லாத வாரத்தில் வம்பே வேண்டாமென்று ஆறு நடுத்தர ஆட்டக்காரர்களை எடுப்பான். குஷியாக இருந்தால் இரண்டு பெரிய தலைகளை வைத்துக்கொண்டு மீதியைத் துணிந்து நிரப்புவான். இந்த வாரம் இரண்டு பெரிய தலைகள். ஆறாவதாக நெட்டையர் என்று குரூப்பில் பெயர் வாங்கிய ஒரு புது ஆள். புதன்கிழமை காலை எட்டேகாலுக்கு, "இந்த வாரம் எல்லாரும் எனக்குப் பின்னாடி வரிசையில் நில்லுங்கள்" என்றும் எழுதியிருந்தான். பையன் நன்றாக இருக்கிறான் என்று லிஃப்டுக்காரர் டீயை நிம்மதியாகக் குடித்தார்.

பத்து மணிக்கு நெட்டையர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விலகிவிட்டார். பெயர் சிவப்பானது. எட்டாவது மாடியில், லிஃப்ட் பெட்டிமேல் நின்றபடி அதைப் பார்த்த லிஃப்டுக்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம். யாரைப் போடுகிறான் பார்க்கலாம் என்று காத்திருந்தார். பையன் அதில் ஒரு நாளும் அசந்ததில்லை. பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டே ஆள் மாற்றியவன். அக்காளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன டாக்ஸியிலேயே மாற்றி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

பகல் ஒரு மணிக்கும் சிவப்பு. நாலு மணிக்கும் சிவப்பு. ஆறு மணிக்கு, "சிலர் அணியில் நொண்டிக் குதிரை நிற்கிறது" என்று குரூப்பில் போட்டார். பதிலில்லை. கூப்பிடு என்றது மனசு. இரண்டு வருஷம் பேசாத அப்பனைக் கூப்பிட வைக்கத்தான் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறான் என்றது வீம்பு. வீம்புதான் ஜெயித்தது. போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வியாழக்கிழமை விடிந்தபோதும் பெயர் சிவப்பாகவே இருந்தது. பூட்டிக்கொள்ள மாலை நாலு மணி வரை நேரமிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு கதவு சரியாக மூடவில்லை. அதன் உருளையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பதினொரு மணிக்குத் தாங்காமல் மகளைக் கூப்பிட்டு, உன் தம்பி ஏன் ஆளை மாற்றவில்லை என்று விளையாட்டுப் பேச்சு மாதிரிக் கேட்டார். அவள் வேறு ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் பேசினேன், வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிற வேலை நிறைய இருக்கிறதாம், நன்றாகத்தான் இருந்தான் என்றாள். பத்து நிமிஷத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். நாலு தடவை அடித்தும் அவன் எடுக்கவில்லை.

"நீங்க போய்ப் பாருங்கப்பா. இப்பவே போங்க."

கதவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். பஸ்ஸுக்கு நிற்கவில்லை, ஆட்டோ பிடித்தார். அந்த வீட்டின் கதவு எண்கூடத் தெரியாமல் மகளைக் கேட்டுத்தான் படியேறினார். மணி அடித்தார், தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டு ஓனர் மாற்றுச் சாவியோடு வந்ததும் அதைப் பிடுங்கித் தானே கதவைத் திறந்தார்.

பையன் சமையலறைத் தரையில் கிடந்தான். கண் திறந்திருந்தது. வலது பக்கம் அசைவே இல்லை. வாய் கோணிப்போயிருந்தது. முட்டிக்கடியில் தண்ணீர்க் குவளை உருண்டு கிடந்தது. தண்ணீர் எப்போதோ காய்ந்துபோயிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அது என்ன வார்த்தை என்று அவருக்குப் புரியவில்லை. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வந்துட்டேன்டா, வந்துட்டேன்டா என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பையனை உள்ளே கொண்டுபோய், தலையைப் படமெடுத்து, ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். மகள் வயதுதான் இருக்கும். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றார். முப்பத்திரண்டு வயதிலும் இது வரும் என்றார். அப்புறம் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்ப ஆச்சுன்னு உங்களால சொல்ல முடியுமா? கடைசியா அவர் நல்லா இருந்தது எப்பன்னு யாருக்காவது தெரியுமா?"

"நேத்து காலைல, எட்டேகாலுக்கும் பத்தேகாலுக்கும் நடுவுல."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. லிஃப்டுக்காரர் போனை எடுத்துக் காட்டினார். எட்டேகாலுக்கு இதை எழுதினான், பத்து மணிக்கு இந்த ஆள் விலகினார், விலகிய கால்மணியில் மாற்றிவிடுவான், மாற்றவில்லை என்றால் அவனால் முடியவில்லை என்று அர்த்தம் என்று விளக்கினார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. டாக்டரம்மா நேரத்தைக் குறித்துக்கொண்டார். அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, ஆனால் முதல் நாலைந்து மணி நேரத்துக்குள் போட வேண்டும், இப்போது போட்டுப் பிரயோஜனமில்லை என்றார். உயிருக்குப் பயமில்லை. பேச்சு எவ்வளவு திரும்பும், கை திரும்புமா என்பதை இப்போதைக்குச் சொல்ல முடியாது.

எழுந்த டாக்டரம்மா, ஏதோ தோன்றி நின்றார்.

"இதெல்லாம் நீங்க இன்னிக்குத்தான் கவனிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வராந்தாவில் அதை மறுக்க ஒருத்தரும் இல்லை.

"இல்லம்மா. நேத்து சாயங்காலமே தெரியும். அவனே கூப்பிடட்டும்னு இருந்துட்டேன்."