குடைப் படம் போட்ட நீலக் கவுன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் அவ்வளவு கௌரவமானதல்ல. எங்கள் தெருவின் எதிர்வரிசையில் லொரைன் நடத்தும் பழைய துணிக் கடைக்குள் கிளெனிஸ் நுழைவதைப் பார்த்தேன். உடனே எனக்கு அவசரமாக ஒரு பொத்தான் தேவைப்பட்டது. (எந்தச் சட்டைக்கு என்று கேட்காதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘1943. ரயில் நிலையத்தில் மழை. சின்னச் சின்னக் குடைகள் அச்சிட்ட நீலக் கவுனில் ஒருத்தி, போர்முனைக்குப் போகும் காதலனை—’

வேண்டாம். யுத்தகாலக் கவுன் என்றால் நாம் உடனே ஒரு ரயிலைக் கூட்டி வந்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சனிக்கிழமை இங்கிலாந்தில் எங்கள் யார்க்‌ஷயர் ஊரில் ‘நாற்பதுகள் விழா’. எல்லோரும் யுத்தகால உடுப்பில் நடனத்துக்குப் போவார்கள். ரொட்டிக்கடை டெரிக், கிளெனிஸை ஆட அழைத்திருக்கிறார். அவளுக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் இறந்து ஆறு வருடமாக எங்கும் ஆடியதில்லை.*

* டெரிக்கை முதலில் மீசையோடு எழுதினேன். நம்பும்படியாக இல்லை, எடுத்துவிட்டேன். நிஜத்தில் மீசை இருக்கிறது.

3

கடையில் கிளெனிஸ் போட்டுப் பார்த்துக் கழற்றிய அந்தக் குடைக் கவுன் இடுப்பில் இரண்டு அங்குலம் சேரவில்லை.

“தையலப் பிரிச்சு விட்டாப் போச்சு,” என்றாள் கிளெனிஸ்.

“எண்பது வருஷத்துக் கவுன்டி! அதுல கை வைக்கிறவளுக்கு நான் விக்கறதில்ல.”

“பள்ளிக்கூடத்துல என் பின்னலையே வெட்டினவ நீ.”

“உன் பின்னல் என்ன பழம்பொருளா?”

“வேற எதுவும் எனக்குப் பிடிக்கலடி. இது இல்லேன்னா நான் போகல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கவுனைக் கையிலிருந்து விடவில்லை.

4

தையல் எவ்வளவு அசல் என்று காட்ட, லொரைன் கவுனை உட்புறம் திருப்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு. இப்போதைய தையலுக்கு வெளியே, பிரித்த தையல்களின் ஊசித்துளைகள் இன்னும் இரண்டு வரிசை. ஒன்றில் கறுப்பு நூல் துணுக்கு, மற்றதில் பழுப்பு.

“இதப் போட்டவ பிள்ளை உண்டானப்ப தையல விட்டிருக்கா, பெத்தப்புறம் பிடிச்சிருக்கா,” என்றாள் கிளெனிஸ்.

“இல்ல, தெருவே மாத்தி மாத்திப் போட்டிருக்கும்,” என்றேன் நான். யுத்தத்தில் துணிக்கும் ரேஷன் கூப்பன் கேட்ட காலம், யார் கண்டது?

“நீ பொத்தான் வாங்கிட்டேல்ல, கெளம்பு,” என்றாள் லொரைன்.

(கிளம்பவில்லை.)

லொரைன் வெளிவரிசைத் துளைகளை அளந்தாள். சரியாக இரண்டு அங்குலம் கிடைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தையல் பிரிக்கும் முள்ளைத் தானே எடுத்தாள்.

“பழைய துளையிலேயேதான் தைப்பேன். புதுசா ஒரு ஓட்டை விழாது. ஆனா துணிக்கு வயசாச்சு கிளெனிஸ். அந்த ஆள் வேகமாச் சுழட்டினாத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

“எனக்குந்தான் வயசாச்சு. சுழட்டட்டும்.”

5

இன்று வெள்ளிக்கிழமை. முடிவாக மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தையல் தாங்குகிறது. இன்னொன்றில் நடு மண்டபத்தில் விட்டுப்போகிறது, டெரிக் தன் கோட்டைக் கழற்றி— சீ, மறுபடியும் ரயில் வந்துவிட்டது. மூன்றாவதை முடிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் கிளெனிஸ் இதைப் படித்துவிட்டாள்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கவுனைக் கிழிப்பதென்றாலும் தாராளமாகக் கிழியுங்கள், கதைக்கு அது நல்லதுதான். நான் மட்டும் நாளைக்குக் கைப்பையில் நாலு ஊக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.