மின்னி தட்டிய மூங்கில்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிளாட்வினுக்கு மின்னி என்றால் உயிர். கயத்தாறு பக்கம் ஆட்டுக்கிடை போடும் ஒரு கிடைக்காரரிடம் குட்டியாக வாங்கி வந்த, கன்னி இன வேட்டை நாய் அது. கறுத்த உடம்பு, மெலிந்த நெட்டைக் கால்கள். 1976 பொங்கல் முடிந்ததும் நடக்கிற தொழிலாளர் விளையாட்டு விழாவில் நாய்களுக்கும் உயரம் தாண்டும் போட்டி உண்டு என்று அறிவித்தார்கள். பரிசு மின்னிக்குத்தான் என்று, தான் குடியிருக்கும் திரேஸ்புரம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான்.

வீட்டுக்குப் பின்னால் மணலில் இரண்டு கம்புகளை நட்டு, ஆணி அடித்து, அதன்மேல் ஒரு மூங்கிலை வைத்தான். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பான். எதிரே ஓடிவரும் மின்னி அவன் "ஜம்ப்" என்றதும் எழும்ப வேண்டும். சொல்வதற்கு முன்னால் எழும்பாது, சொன்ன பிறகு தாமதிக்காது. அப்படிப் பழக்கியிருந்தான்.

ஆனால் மூங்கில் தினமும் விழுந்தது. நெஞ்சு இடித்தது, இல்லையென்றால் முன்கால் தட்டியது. ரொம்பக் கிட்டப் போய் எழும்புகிறது என்பது அவனுக்குப் புரிந்தது. மூங்கிலை ஓரடி இறக்கினான். நாலடி தள்ளி மணலில் ஒரு கயிற்றைக் கிடத்தி, அங்கிருந்து எழும்பச் சொல்லிக் கொடுத்தான். கூடவே நடத்திக்கொண்டு வந்தால் அழகாகத் தாண்டியது. ஓடிவந்தால் கயிற்றைக் கடந்து வந்து இடித்தது. இரண்டு வாரம் இப்படியே போயிற்று. நாய்க்குத் திமிர் என்று முடிவுகட்டி, ஒருநாள் மீன் வைக்காமல் விட்டான்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த அவன் மனைவி இசபெல்லா, நாய் மேல் தப்பில்லை, அவன் சொல்வதுதான் பிந்துகிறது என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று டன் சரக்கை அங்குலம் பிசகாமல் இறக்குகிறவனுக்கா பாடம் என்று கேட்டு, நீயே நின்று பார் என்று விலகிக்கொண்டான்.

இசபெல்லா "ஜம்ப்" சொன்னாள். மின்னி தாண்டியது. மூங்கில் அசையவில்லை. ஓரடி ஏற்றி வைத்தும் அசையவில்லை. கிளாட்வின் மறுபடி நின்றான். மூங்கில் விழுந்தது.

"ஏளா, கயித்துக்கிட்ட வந்ததும்தான சொன்னேன்?"

"கயித்தத் தாண்டி ரெண்டடி வந்த பொறவு சொன்னிய. நேத்து தண்ணியையும் டம்ளருக்கு வெளிய ஊத்துனிய." அவன் முகத்தையே பார்த்தாள். "ஒவ்வொரு கண்ணா பொத்திப் பாருங்க."

வலது கண்ணைப் பொத்தினான். இசபெல்லா, துணிக்கொடி, மூங்கில் எல்லாம் இருந்தன. இடது கண்ணைப் பொத்தினான். எதுவும் இல்லை. கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும். கையை எடுத்தான், மறுபடி பொத்தினான். வலி இருந்ததில்லை. எப்போது போயிற்று என்றே தெரியவில்லை.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். கண் போனதைவிட, போன செவ்வாய்க்கிழமைதான் அவன் நினைவில் வந்து நின்றது. உர மூட்டைகள் அடுக்கிய வலையைக் கிரேனிலிருந்து துறைமுகத் தளத்தில் இறக்கும்போது கீழே நின்ற சுமைத் தொழிலாளி ஜெயசிங் அதற்கடியிலிருந்து துள்ளி விலகினான். எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று மேலேயிருந்து கிளாட்வின் அவனைத்தான் வைதிருந்தான்.

மறுநாள் அவன் கிரேனில் ஏறவில்லை. நேரே ஃபோர்மேன் காசிலிங்கம் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னான். அவர் நம்பவில்லை. தன் கையாலேயே அவனது இடது கண்ணை மூடி, எதிரே விரல்களைக் காட்டி எத்தனை என்றார். விரல் எங்கே இருக்கிறது என்று இவன் கேட்டான். தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார் அவர்.

பிறகு ஜெயசிங்கைத் தேடிப் போனான்.

"போன செவ்வாக்கெழம உன் மேல தப்பில்லலே. எனக்கு வலது கண்ணு தெரியல. எத்தன நாளா தெரியலன்னும் தெரியல."

ஜெயசிங் அண்ணாந்து கிரேனைப் பார்த்தான்.

"அன்னைக்கி மட்டுமில்லண்ணே. இந்த மாசம் மூணு தடவ வெலகியிருக்கேன். வைவியன்னு சொல்லல."

பாளையங்கோட்டை டாக்டர், ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது, அந்தக் கண் திரும்பாது, மற்றதைக் காப்பாற்றலாம் என்றார். சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். விழாவில் இசபெல்லாதான் மூங்கிலுக்குப் பின்னால் நின்றாள். மின்னி இரண்டாவதாக வந்தது. கிட்டங்கி வாசலிலிருந்து பார்த்தால் தளம் தெரியும். சரக்கு இறங்கும்போதெல்லாம் கிளாட்வின் செய்கிற வேலையை நிறுத்திவிடுவான். அது தரையைத் தொட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வரும்.